டிபன் பாக்ஸுக்குள் ஒரு நரி

காசிமேட்டில் எங்கோ ஒரு நரி ஒளிந்திருந்தது.

அந்த நரிக்கு வால் கிடையாது, ஊளையிடவும் தெரியாது. டிபன் பாக்ஸ் ஒன்றில் அடங்கிவிடும் குட்டி ரேடியோ அது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை விழித்துக்கொண்டு, ‘டீ... டிட்... டீ... டிட்...’ என்று கொஞ்ச நேரம் கூவும். பிறகு பேச்சுமூச்சில்லாமல் தூங்கிவிடும். அது கூவுகிற நேரத்தில் கைக்கருவியை இப்படியும் அப்படியும் திருப்பிக் கேட்க வேண்டும். எந்தப் பக்கம் சத்தம் தெளிவாக வருகிறதோ, அந்தப் பக்கம் நடந்துபோய் அதைப் பிடிக்க வேண்டும். ராயபுரத்து அமெச்சூர் ரேடியோ கிளப்பில் இந்த விளையாட்டுக்கு ‘நரி வேட்டை’ என்று பெயர்.

முதலில் பிடிப்பவருக்கு ஒரு பரிசு உண்டு. அடுத்த வேட்டைக்கு நரியை அவர்தான் ஒளித்து வைப்பார்.

ஷெர்லினுக்கு அந்தப் பரிசு மேல் ரொம்ப நாளாக ஆசை. ஆனால் இப்போது, வெயில் உச்சிக்கு வந்துவிட்ட நேரத்தில், அவளுக்கு நரியும் வேண்டாம், பரிசும் வேண்டாம், ஒரு பாய் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

“பகலவா, கொஞ்சம் குந்தலாமா?”

“இப்பதானே குந்தின?”

“அது நின்னது. செவுத்துல சாஞ்சி நின்னேன். குந்தல.”

பகலவன் அவளுடைய வகுப்புதான். இந்த வேட்டையில் அவளுக்கு ஜோடி. அவன் வாய்க்கு மட்டும் களைப்பே வராது. கால்கள் வேறு விஷயம். அவனும் காலைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடந்துகொண்டிருந்தான்.

ஷெர்லின் கையில் இருந்த ஆன்டெனாவைப் பார்த்தால் பெரிய மீனின் முள்ளைத் தூக்கிக்கொண்டு போவது போல இருக்கும். தச்சர்கள் வைத்திருக்கும் மஞ்சள் இரும்பு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் கட்டிச் செய்தது. காலையில் அது இறகு போல இருந்தது. இப்போது இரும்புக் கதவு போல இருந்தது.

நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில், பனி மூடிய காட்டில் ஒரு நரி ஓடும். அதன் காலடித் தடத்தைப் பார்த்தபடியே ஒரு சிறுமி பின்னால் போவாள். ஷெர்லினுக்குத் தெரிந்த பனியெல்லாம் மீன் பெட்டிக்கு மேல் கொட்டுகிற ஐஸ்தான். ஆனாலும் கண்ணை மூடினால் அந்தக் காடு வந்துவிடும். இப்போதும் வந்தது.

“ஏய், நடந்துகினே தூங்காதே! லாரி வருது!” பகலவன் அவளை ஓரமாக இழுத்தான்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றையொன்று ஒட்டியபடி சும்மா நின்றன. கரையெல்லாம் வலைக் குவியல்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று சின்னச் சின்ன மலைகள் போல. அவற்றுக்கு நடுவே ஆட்கள் குந்தி, கிழிந்த வலைகளைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் பேசத் தெம்பில்லை. நாய்கள்கூடப் படகு நிழலில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தன.

‘டீ... டிட்... டீ... டிட்...’

ஷெர்லின் ஆன்டெனாவைச் சுற்றினாள். கடல் பக்கம் திருப்பினாலும் சத்தம் தெளிவாக இருந்தது. ரோட்டுப் பக்கம் திருப்பினாலும் அப்படியே. கருவியின் திரையில் சிக்னல் கோடுகள் எல்லாப் பக்கமும் முழுசாக எரிந்தன.

“எல்லாப் பக்கமும் கீதாம்,” என்றாள் அழாக்குறையாக. “நரி ஒண்ணா, நாலா?”

“நரி கிட்டத்துலதான் கீது. அதான் இப்படி. லாரி, படகு, தகரக் கொட்டாய் எல்லாத்துலயும் மோதி மோதி வருது. வா, ஒரு சர்பத் குடிச்சிட்டு அப்பால பாப்போம்.”

மற்ற ஜோடிகள் எப்போதோ சலித்துப்போய்விட்டார்கள். ஒரு ஜோடி வீட்டுக்கே போய்விட்டது. இன்னொரு ஜோடி மெட்ரோ ஸ்டேஷனுக்குள் ஏசி காற்று வாங்கிக்கொண்டிருப்பதாகச் செய்தி போட்டிருந்தது.

சர்பத் வண்டி நிழலில் நின்றுகொண்டு, பகலவன் அப்பாவின் போனை எடுத்தான். கிளப் குழுவில் காலையில் ஜெரால்ட் மாமா போட்ட படத்தை மறுபடியும் பார்த்தான். ஜெரால்ட் மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு, கிளப்புக்கு வந்து நரியை எடுத்துப்போய், விடிவதற்குள் ஒளித்து வைத்தது அவர்தான்.

“இதப் பாத்தா மனுஷன் எங்க வெச்சிருப்பாருன்னு எதனா தெரியுதா?”

படத்தில் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. உள்ளே ரேடியோ, அதன் பக்கத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு பேட்டரி. படத்துக்குக் கீழே, ‘இன்னா டைட்டா உக்காந்துகீது பாத்தீங்களா! குலுக்குனாலும் சத்தம் வராது. மூடியே மூடல, சைக்கிள் டியூபால கட்டிட்டேன். முடிஞ்சா புடிங்க!’ என்று எழுதியிருந்தார்.

ஷெர்லின் சர்பத்தை உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

“பகலவா, பேட்டரி ஏன் பூரி மாதிரி உப்பிக்கீது?”

“புது மாடலா இருக்கும்.”

“இல்லடா.” அவள் படத்தைப் பெரிதாக்கினாள். தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரி, நடுவில் தொந்தி போட்டிருந்தது. “போன மாசம் எங்க அம்மா போனு பின்னாடி இப்படித்தான் உப்பிச்சி. வண்ணாரப்பேட்டையில போன் கடைக்கு எடுத்துகினு போனோம். அந்த அண்ணன் அதுவரைக்கும் சிரிச்சுகினு இருந்தாரு. இதப் பாத்ததும் சிரிப்பு நின்னு போச்சி. ‘சார்ஜ் போடாதீங்க, அமுக்காதீங்க, வெயில்ல வைக்காதீங்க, எப்ப வேணா தீ புடிக்கும்’னு சொல்லி மணல் பக்கெட்டுல போட்டாரு.”

பகலவன் படத்தைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். வெயில் கண்ணைக் குத்தியது.

“மாமா இத அமுக்கி, மூடி, கட்டி... வெயில்ல வேற வெச்சிகிறாரு,” என்றான் மெதுவாக.

இருவரும் கரையைப் பார்த்தார்கள். எங்கே பார்த்தாலும் நைலான் வலை. ஒன்றில் நெருப்பு பட்டால் போதும்.

“சுஜா அக்காவுக்குப் போன் பண்ணு,” என்றாள் ஷெர்லின்.

“பண்ணா நாம அவுட்டு! தேடறவங்க யாரும் போன் பண்ணக் கூடாதுன்றதுதானே ரூலு? காலைலேர்ந்து கால் வீங்க நடந்தது எல்லாம் வேஸ்ட்டா?”

“அவுட்டானா ஆவட்டும். குடு இங்க.”

அவளே போனை வாங்கி அழைத்தாள். சுஜா அக்கா கிளப்பின் தலைவி. ராயபுரத்தில் கிளப் மாடியில் இருந்தாள். ஷெர்லின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

“வெள்ளி கலர் பேட்டரியா?” என்று கேட்டாள் சுஜா அக்கா. “ஐயோ. அது கெட்டுப்போச்சுன்னு தூக்கிப்போட தனியா வெச்சிருந்தேன். நல்லது பக்கத்து தட்டுல இருந்துச்சு. தூக்கக் கலக்கத்துல மாத்தி எடுத்துட்டாரு போல. தப்பு என்னோடது, அன்னிக்கே கொண்டுபோய்க் குடுத்திருக்கணும்.”

“மாமாவுக்குப் போன் பண்ணி எங்க வெச்சாருன்னு கேளுக்கா.”

“அவர் போன் அணைஞ்சு கிடக்கும் ஷெர்லின். நரியை ஒளிச்சவர் போனை அணைச்சிடணும். போன தடவ எல்லாரும் கெஞ்சிக் கெஞ்சிக் குறிப்பு வாங்கிட்டீங்கன்னு நான்தான் அந்த ரூல் போட்டேன். எண்ணூர்ல தங்கச்சி வீட்டுக்கு ரயில் ஏறிப் போயிருக்காரு. இந்நேரம் படுத்துத் தூங்கிட்டு இருப்பாரு.”

சுஜா அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள்.

“நான் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்றேன். வண்டியை எடுத்துட்டு நானும் வரேன். ஆனா காசிமேட்டுல எங்கன்னு சொல்றது? நீங்கதான் கிட்ட இருக்கீங்க. கேட்டுப் பாருங்க. ஆனா ஒண்ணு, கண்டுபிடிச்சா கை வைக்காதீங்க. திறக்காதீங்க. தூரமா வந்து எனக்குச் சொல்லுங்க. சரியா?”

“சரிக்கா.”

சர்பத் பாதி மிச்சம் இருந்தது. அதைக் குடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுபடியும் நடை. வலைக்குவியல், ஐஸ் வண்டி, படகு, வலைக்குவியல். நரி கூவும்போது ஓடுவதும், அது அடங்கியதும் நிற்பதுமாக இருந்தார்கள். ஆன்டெனாவை எங்கே திருப்பினாலும் அதே முழுக் கோடுகள்தான். ஷெர்லினின் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது.

கடைசியில் அவளால் முடியவில்லை. ஆன்டெனாவின் ஒயரைக் கருவியிலிருந்து பிடுங்கி, அந்த மீன்முள்ளைப் பகலவன் கையில் கொடுத்தாள்.

“இன்னா பண்ற நீ? ஆன்டெனா இல்லாம இன்னாத்த கேக்கப் போற? உன் வயித்துச் சத்தத்தையா?”

“கை வலிக்குதுடா. கொஞ்ச நேரம் நீ தூக்கு.”

அவள் மொட்டைக் கருவியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வெயில் முகத்தில் அடித்தது.

‘டீ... டிட்... டீ... டிட்...’

கேட்டது! ஆன்டெனா இல்லாமலேயே கேட்டது. ஆனால் இப்போது கோடுகள் முழுசாக இல்லை, பாதிதான். வெயில் தாங்காமல் அவள் அப்படியே மறுபக்கம் திரும்பினாள். உடனே கூவல் அமுங்கிப்போய், ‘உஸ்ஸ்’ என்று இரைச்சல் மட்டும் கேட்டது. கோடுகளும் காணாமல் போயின.

அவள் மெதுவாக முன்பக்கம் திரும்பினாள். கூவல் வந்தது. மறுபடி பின்பக்கம். இரைச்சல்.

“பகலவா! என் உடம்பு மறைக்குது!”

“இன்னாத்த?”

“நரிய! கருவிய நெஞ்சோட வெச்சிகினு சுத்தினா, எந்தப் பக்கம் சத்தம் செத்துப்போவுதோ, அப்ப நரி என் முதுகுக்குப் பின்னாடி கீதுன்னு அர்த்தம். நான்தான் செவுரு!”

பகலவன் ஆன்டெனாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

அவள் சுற்றினாள். சத்தம் செத்த இடத்தில் நின்றாள். “இப்ப என் முதுகுக்குப் பின்னாடி இன்னா கீது பாரு.”

“ஐஸ் கம்பெனி காம்பவுண்டு செவுரு. அதுல சாச்சி ஒரு பெரிய வலைக்குவியல். பச்ச வலை.” அவன் குரல் இறங்கியது. “அதுல முதுக சாச்சிகினு ஒரு அக்கா குந்திகினு கீது.”

அந்த அக்காவின் பெயர் சிலுவையம்மாள். மடியில் வலையைப் பரப்பிக்கொண்டு, கையில் ஊசியோடு பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் படகின் நிழலில் அவள் கணவர் லூயிஸும் வேறு சிலரும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள்.

“யக்கா,” என்றாள் ஷெர்லின், மூச்சு வாங்க. “அங்கேர்ந்து கொஞ்சம் எழுந்து வரீங்களா?”

சிலுவையம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “காலைலேர்ந்து குந்தி இடுப்பு ஒடிஞ்சி போச்சி. இப்பத்தான் முதுகுக்கு இதமா ஒரு இடம் கெடச்சிகீது. ஒத்தடம் குடுக்கறாப்பல சூடா, சுகமா கீது. போங்க பசங்களா, வேற எங்கயாவது வெளயாடுங்க.”

ஷெர்லினும் பகலவனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“யக்கா... அது சூடா கீதா?”

“ஆமா. வெயிலு.”

“அங்க வெயிலே இல்லியேக்கா. செவுத்து நெழலு.”

சிலுவையம்மாளின் ஊசி நின்றது. அவள் திரும்பி, தான் சாய்ந்திருந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அடுத்த கணம், இடுப்பு ஒடிந்துபோனவள் என்று யாரும் நம்பாதபடி துள்ளி எழுந்தாள்.

“அடி ஆத்தி! உள்ள இன்னாடி கீது?”

“நரி,” என்றான் பகலவன்.

“இன்னாது?”

“பேட்டரிக்கா!” ஷெர்லின் அவசரமாகச் சொன்னாள். “கெட்டுப்போன பேட்டரி. டிபன் பாக்ஸுல கீது. தெரியாம வெச்சிட்டாங்க. எப்ப வேணா தீ புடிக்கும். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிகீறோம்.”

“காலைல நாங்கதான் இந்த வலையெல்லாம் இஸ்து இங்க கொட்டினோம். அதும்மேலயேவா கொட்டினோம்? ஏ மனுஷா, லூயிஸு! எழுந்திரு!”

லூயிஸ் துண்டை விலக்கிவிட்டு எழுந்தார். விஷயத்தைக் கேட்டதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குவியலுக்குள் நுழையப் போனார். “தள்ளுங்க. உள்ள கைய வுட்டு எடுத்துக் கடல்ல வீசிடறேன்.”

“வாணாம் மாமா!” ஷெர்லின் அவர் லுங்கியைப் பிடித்து இழுத்தாள். “கைல வெச்சிருக்க சொல்ல வெடிச்சா?”

“அப்ப வலை எரிஞ்சி போவட்டுமா? தடைக்காலம் முடிஞ்சா இத வெச்சித்தான்மா கடலுக்குப் போவணும். இது போச்சின்னா நாங்க கரையிலதான் குந்திகினு கெடக்கணும்.”

பகலவன் கிசுகிசுப்பாகச் சுஜா அக்காவுக்கு இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஷெர்லின் குவியலைப் பார்த்தாள். தூக்கமும் பயமும் சேர்ந்து கண்ணைக் கட்டியது. பெட்டியைத் தொடக் கூடாது. ஆனால் வலை எரியவும் கூடாது.

பெட்டியை வெளியே எடுத்தால்தானே ஆபத்து?

“மாமா, பெட்டிய எடுக்க வாணாம். வலைய எடுப்போம்! ஓரத்தப் புடிச்சி, தூரத்துலேர்ந்தே இஸ்துடலாம். பெட்டி அங்கயே கெடக்கட்டும். அடியில மணல்தானே கீது?”

லூயிஸ் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு படகு நிழலைப் பார்த்துக் கத்தினார். “டேய், எல்லாரும் வாங்கடா! வலை இஸ்க்கணும்!”

களைத்துப்போன அத்தனை பேரும் எழுந்து வந்தார்கள். கடலில் இழுப்பது போலவே வரிசையாக நின்று வலையின் ஓரத்தைப் பிடித்தார்கள். “காத்து கடல்லேர்ந்து வருது. எல்லாரும் கடல் பக்கமே நில்லுங்க, பொகை வந்தா அந்தாண்ட போவும்,” என்றார் லூயிஸ். சிலுவையம்மாளுக்குப் பின்னால் ஷெர்லின், அவளுக்குப் பின்னால் பகலவன்.

வலை என்றால் பஞ்சு மூட்டை போல இருக்கும் என்று ஷெர்லின் நினைத்திருந்தாள். அது தூங்குகிற யானை போலக் கனத்தது. ஈயக் குண்டுகள் மணலில் உழுதுகொண்டு வந்தன. இழுக்க இழுக்கக் குவியல் கரைந்தது.

சுவரோரம் டிபன் பாக்ஸ் தெரிந்தது. சைக்கிள் டியூப் கட்டையும் மீறி மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. நகப்பாலிஷ் போல ஒரு நெடி வந்தது.

இன்னும் ஒரே ஒரு முழம்தான். அந்த நேரம் பார்த்து வலையின் ஒரு மூலை, டிபன் பாக்ஸின் பிடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் பெட்டியும் சேர்ந்து வரும்.

எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“அக்கா, அந்த மூலைய வுட்டுடலாமா?” என்று கேட்டாள் ஷெர்லின். காலையிலிருந்து சிலுவையம்மாள் பின்னிக்கொண்டிருந்த மூலை அது.

சிலுவையம்மாள் அதைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தாள். எட்டி நின்றபடியே வலையைக் குறுக்காக அறுத்தாள். “போனாப் போவுது. இஸுங்கடா!”

வலை விடுபட்டு வந்த வேகத்தில் வரிசையாக அத்தனை பேரும் மல்லாந்து விழுந்தார்கள். பகலவன் மேல் ஷெர்லின், ஷெர்லின் மேல் சிலுவையம்மாள்.

“யக்கா... மூச்சு...” என்று அடியிலிருந்து பகலவன் குரல் வந்தது.

அவர்கள் எழுந்து இன்னும் பின்னால் போனார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. “இதுக்கா என் வலைய அறுத்தேன்?” என்று சிலுவையம்மாள் ஆரம்பித்தாள்.

‘புஸ்ஸ்ஸ்...’

டிபன் பாக்ஸிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. மூடி தெறித்துப் பறந்து சுவரில் மோதி விழுந்தது. உள்ளேயிருந்து ஆரஞ்சு நிறத்தில் தீ சீறியது. மாட்டிக்கொண்டிருந்த வலைத்துண்டு சுருண்டு, உருகி, கறுப்பாகச் சொட்டியது. அந்த மூலை மட்டும்தான். மற்றதெல்லாம் எட்டாத தூரத்தில் பத்திரமாகக் கிடந்தது.

சிலுவையம்மாள் ஷெர்லினின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தீயணைப்பு வண்டி வந்தது. நிறையத் தண்ணீர் அடித்து, பெட்டி நன்றாகக் குளிர்ந்த பிறகும் அதை ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கப் போட்டார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த வீரர் எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்தார்.

“இது யாரோட டிபன் பாக்ஸ்? அப்படி என்னதான்யா சமைச்சீங்க?”

சுஜா அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கி, அவரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். கேட்க வேண்டிய திட்டையெல்லாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு ஜெரால்ட் மாமா ஓடி வந்தார். தூங்கி எழுந்து போனை ஆன் செய்ததும் குவிந்த செய்திகளைப் பார்த்து, பாதித் தூக்கத்தில் ரயில் ஏறி வந்திருந்தார். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். நேராகச் சிலுவையம்மாளிடம் போய் நின்றார்.

“என்ன மன்னிச்சிரு தங்கச்சி. நல்ல எடமா கீதேன்னு கேக்காம வெச்சிட்டேன்.”

“என் வலைக்குள்ள நரி வுடறியா நீ?” என்று சிலுவையம்மாள் இடுப்பில் கை வைத்தாள். “குந்து இங்க. அறுத்த மூலையப் பின்னிக் குடுத்துட்டு அப்பால போ.”

ஜெரால்ட் மாமா உடனே குந்திவிட்டார். ராட்சச கிரேனை விரலால் ஆட்டுகிறவருக்கு வலை ஊசி பிடிபடவே இல்லை. அவர் பின்னியதைத் தூக்கிப் பார்த்து, “இந்த ஓட்டை வழியா என் படகே வெளிய போய்டும்,” என்றார் லூயிஸ்.

மெட்ரோ ஸ்டேஷனில் காற்று வாங்கியவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். உபயோகம் முடிந்த பேட்டரிகளை எங்கே, எப்படிக் கொடுப்பது, ஒளிப்பவருடைய போனைப் பற்றிய சட்டத்தை மாற்றுவதா, யார் ஜெயித்தது, போன் செய்தவர்கள் ஜெயித்ததாகக் கணக்கா இல்லையா...

“அவுட்டுன்னா அவுட்டா? நரியப் புடிச்சது யாரு? நாங்கதானே!” பகலவன் எல்லாருக்கும் மேலே கத்தினான். “நீயே சொல்லு ஷெர்லின்!”

பதில் இல்லை.

இழுத்துப் போட்ட பச்சை வலையின் மேல், ஒரு மிதவையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, மொட்டைக் கருவியை அணைத்தபடி ஷெர்லின் தூங்கிப்போயிருந்தாள். சிலுவையம்மாள் தன் முந்தானையால் அவள் முகத்தில் மொய்த்த ஈக்களை விரட்டிக்கொண்டிருந்தாள்.

“உஷ்!” என்று அவள் உதட்டில் விரல் வைத்தாள். “புள்ள தூங்குது.”

நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசுவதற்கென்றே கூடுகிற அந்த ரேடியோ கிளப், முதல் முறையாக, மொத்தமாக வாயை மூடிக்கொண்டது.